சுங்கை சிப்புட்டிலிருந்து ஹாங்காங் நட்சத்திர வீதிக்கு: குடும்பத்தோடு செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஹாங்காங்கின் கௌலூன் கரையில், விக்டோரியா துறைமுகத்தை ஒட்டி, அந்நகரத்துத் திரைப்படக் கலைஞர்களைச் சிறப்பிப்பதற்கென்றே ஒரு நடைபாதை அமைந்திருக்கிறது. பெயர்ப்பலகைகளில் அதற்கு அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ் என்று பெயர்; இக்கட்டுரையில் அதை நட்சத்திர வீதி என்று குறிப்பிடுகிறேன். 2004 ஏப்ரலில் திறக்கப்பட்ட இவ்வீதி, 2015-இல் சீரமைப்புக்காக மூடப்பட்டு, 2019 ஜனவரி இறுதியில் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பகலிலும் இரவிலும் எந்நேரமும் நடந்து செல்லலாம். நீளம் அரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து சுற்றுலாக் குழுவாகச் செல்வோர் பெரும்பாலும் புருஸ் லீ சிலையருகே நின்று படமெடுத்துக்கொண்டு, சற்று நேரத்திலேயே பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தொலைவு பயணம் செய்து, அவ்வளவு பணம் செலவிட்டு, பார்க்க வேண்டியதில் மிகச் சிறு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வருவது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. கைப்பிடிச் சுவரில் பதிந்துள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நடந்தால்தான் அந்த வீதி நம்மோடு பேசும். அதற்கான ஆயத்தத்தை வீட்டிலிருந்தபடியே, கடப்பிதழ் எடுப்பதற்கு முன்பாகக்கூடத் தொடங்கிவிடலாம்.

நமக்கும் அந்த வீதிக்கும் உள்ள உறவு

ஹாங்காங் படவுலகம் நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாதது என்று நினைப்பவர்கள் ரன் ரன் ஷா என்ற பெயரிலிருந்து தொடங்க வேண்டும். 1907-இல் பிறந்து 2014 வரை வாழ்ந்த இவர், ஷாங்காயில் படத்தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். இவருடைய அண்ணன் ரன்மி ஷா 1920-களில் சிங்கப்பூருக்கு வந்து படவிநியோகத்தைத் தொடங்க, தம்பியும் வந்து சேர்ந்துகொண்டார். அக்காலத்தில் மலாயாவின் உட்பகுதிகளில் திரையரங்குகள் இல்லாததால், படமெறியும் கருவியை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் நேரில் சென்று படம் காட்டியவர் ரன் ரன் ஷா. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் பார்த்த நம் முன்னோரின் நினைவுகளுக்கும், பிற்காலத்தில் ஹாங்காங்கில் எழுந்த மாபெரும் படப்பிடிப்பு நிலையத்துக்கும் இடையில் இப்படியொரு நேரான கோடு ஓடுகிறது. ஈயமும் ரப்பரும் விலைபோன காலத்தில் இந்நாட்டு மக்கள் கொடுத்த நுழைவுச்சீட்டுக் காசில்தான் ஷா நிறுவனம் இங்கே வேரூன்றி வளர்ந்தது. 1950-களின் இறுதியில் ரன் ரன் ஷா ஹாங்காங்குக்குக் குடிபெயர்ந்து, 1961-இல் கிளியர்வாட்டர் பே பகுதியில் தம் படநகரத்தைத் திறந்தார்.

இதே ஷா சகோதரர்கள் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் நடத்திய மலாய்ப்பட நிலையத்தில் இயக்குநர்களாகப் பணியாற்றியவர்களுள் பலர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950-இல் வெளிவந்த ஒரு படத்தின் வழியாக மலாய் நடிகர் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கினார். கே. எம். பாஸ்கர், எஸ். ராமநாதன் போன்றோரும் அங்கே மலாய்ப் படங்களை இயக்கினர். மலாய்த் திரையின் பொற்காலம் என்று நாம் சொல்லும் அந்த ஆண்டுகளில் தமிழர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது என்பதையும், அந்த உழைப்புக்குக் களம் அமைத்த நிறுவனமே பின்னர் ஹாங்காங் படவுலகின் முதுகெலும்பாக விளங்கியது என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

ஷா நிறுவனத்துக்கு நேரெதிரே நின்று போட்டியிட்ட கேத்தே படநிறுவனத்தின் தலைவர் லோக் வான் தோ, 1915-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர் தோட்டங்களாலும் செல்வம் திரட்டிய லோக் யூவின் மகன் இவர். தலைநகரில் அத்தந்தையின் பெயரால் அமைந்த சாலையில் நம்மில் பலர் வண்டி ஓட்டியிருப்போம். 1964-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் லோக் வான் தோ உயிரிழந்தார். அதன்பின் ஹாங்காங்கில் ஷாவின் கை ஓங்கியது.

நமக்கு எல்லாரையும்விட நெருங்கிய பெயர் மிஷெல் இயோ. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக வண்டி ஓட்டினால் எட்டிவிடக்கூடிய ஈப்போவில் 1962-இல் பிறந்தவர். ஹாங்காங் சண்டைப் படங்களில் தாமே ஆபத்தான காட்சிகளில் நடித்துப் பெயர் பெற்று, 2023-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை வென்ற முதல் ஆசியப் பெண்ணானவர். தொடக்க காலப் படங்கள் சிலவற்றில் இவர் பெயர் மிஷெல் கான் என்று வந்திருக்கும்; பழைய படங்களைத் தேடுவோர் அதை நினைவில் கொள்ள வேண்டும். பேராக் மாநிலத்தவர் யாராக இருந்தாலும், நட்சத்திர வீதியில் முதலில் தேட வேண்டிய பெயர் இதுவே என்பேன்.

படிப்பதற்கான ஆயத்தம்

வீதி திறக்கப்பட்டபோது 73 பேர் சிறப்பிக்கப்பட்டனர். இன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அத்தனை பேரையும் தெரிந்துகொண்டு செல்வது இயலாது, தேவையுமில்லை. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் படத்திலும் ஒன்றையாவது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். புருஸ் லீ, ஜாக்கி சான், ஜெட் லீ, சௌ யுன் ஃபாட் ஆகியோர் நமக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். ஜாக்கி சான் 2008-இல் ஒரு தமிழ்ப்படத்தின் பாடல் வெளியீட்டு விழாவுக்காகச் சென்னைக்கே வந்திருந்தார். இவர்களோடு, அவ்வளவாக அறியப்படாத சிலரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வதுதான் பயனுள்ளது.

லாய் மான் வாய் ஹாங்காங் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1913-லேயே அங்கே கதைப்படம் உருவாகக் காரணமானவர். குவான் டாக் ஹிங், வோங் ஃபெய் ஹுங் என்ற வீரரின் வேடத்தில் 1949 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். குங்ஃபூ வீரன் என்றால் பொறுமையும் அறமும் உடையவன் என்ற எண்ணத்தைத் திரையில் நிலைநாட்டியவர் இவரே. யாம் கிம் ஃபாய், பாக் சூட் சின் என்ற இரு பெண்கள் கண்டனீஸ் இசைநாடகத்திலும் அதையொட்டிய படங்களிலும் இணையாக நடித்தனர். இணையில் ஆணாக வேடமேற்றவர் யாம் கிம் ஃபாய். நம் மேடையிலும் திரையிலும் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் தாங்கியதை அறிந்த மூத்தவர்களுக்கு இந்த இணையின் சிறப்பை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. மைக்கேல் ஹூய் 1970-களில் சாதாரணத் தொழிலாளியின் அன்றாடப் பாட்டை நகைச்சுவைப் படங்களாக்கி, மாண்டரின் படங்களுக்குப் பின்தங்கியிருந்த கண்டனீஸ் மொழிப் படங்களுக்கு மறுவாழ்வு தந்தவர்.

இவர்களைப் பற்றிக் கேட்டறிய நூலகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஈப்போவைச் சூழ்ந்த நம் கிந்தா பள்ளத்தாக்கில் கண்டனீஸ் இன்றும் கடைத்தெருவின் மொழி. காப்பிக்கடையில் தினமும் நாம் சந்திக்கும் மூத்த சீனர்களிடம் குவான் டாக் ஹிங் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். எந்தத் திரையரங்கில் யாரோடு சென்று எந்தப் படத்தைப் பார்த்தார் என்பது வரை சொல்லக்கூடியவர்கள் அவர்களுள் இருக்கிறார்கள். சந்தையிலும் கடையிலும் கேட்டுப் பழகிய சிறிதளவு கண்டனீஸ் உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஹாங்காங்கில் அது பெரிதும் கைகொடுக்கும். அந்நகரத்தின் பேச்சுமொழி அதுவே. சீனப்பள்ளியில் பயின்ற நம் பிள்ளைகள் பெயர்ப்பலகைகளிலுள்ள சீன எழுத்துகளையும் ஓரளவு படித்துக் காட்டுவார்கள்.

பெயர்களைப் படிக்கும் முறை பற்றி ஒரு குறிப்பு. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது கண்டனீஸ் ஒலிப்பைப் பின்பற்றுவதால், மாண்டரின் வழியாக நாம் கேட்டறிந்த பெயர் அங்கே வேறு விதமாகத் தோன்றலாம். டோனி லியுங் என்ற பெயரில் புகழ்பெற்ற நடிகர்கள் இருவர் இருக்கிறார்கள்: ஒருவர் லியுங் சியு வாய், மற்றவர் லியுங் கா ஃபாய். முழுப்பெயரைக் குறித்துக்கொண்டு சென்றால் குழப்பம் நேராது.

கடப்பிதழ், பருவம், பணம்

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் ஹாங்காங்கில் 90 நாள்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் தோட்டப்புறக் குடும்பங்களில் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் இன்னும் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. இந்த விசா விலக்கும் பொருந்தாது. விமானச்சீட்டு வாங்கிவிட்டுப் பிறகு பாட்டியை விட்டுச் செல்லும் நிலை வராதிருக்க, முதலில் குடும்பத்தில் ஒவ்வொருவரின் ஆவணத்தையும் எடுத்துப் பாருங்கள். பழைய கடப்பிதழ் முடியும் தறுவாயில் இருந்தால் குடிநுழைவுத் துறையில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் காலம் இருப்பது பாதுகாப்பு. ஹாங்காங் குடிநுழைவு அதிகாரிகள் கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை. சிறு துண்டுத்தாள் ஒன்றைத் தருவார்கள், அதைத் திரும்பும்வரை பத்திரப்படுத்த வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை நமக்கு வாய்ப்பு நன்றாகவே அமைந்திருக்கிறது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை அங்கே வானம் தெளிந்து, வெயில் இதமாகவும் காற்று உலர்ந்தும் இருக்கும். தீபாவளி விடுமுறை பெரும்பாலும் இக்காலத்திலேயே வருகிறது. அக்டோபர் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்; சீனாவின் தேசிய நாள் விடுமுறையால் கரையெங்கும் கூட்டம் நெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெப்பமும் புழுக்கமும் நம் ஊரைவிடக் கடுமையாக இருக்கும், புயலும் வரும். எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் படகுப் போக்குவரத்து நின்று, கடைகளும் அலுவலகங்களும் மூடப்படும். அன்று விடுதியிலேயே இருப்பதுதான் முறை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வெப்பநிலை 12 பாகை வரை இறங்கக்கூடும். கரைக்காற்றில் அது இன்னும் குளிராக உறைக்கும், ஆகையால் மூத்தவர்களுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.

கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரு ஊருக்கும் ஒரே நேரம்தான். ஆயினும் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. நமக்கு ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில்தான் பொழுது சாய்கிறது. அங்கே நவம்பரிலும் டிசம்பரிலும் ஆறு மணிக்கு முன்பாகவே சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணிக்குக் கிளம்பினால் வீதியிலுள்ள கலைஞர்களின் கைப்பதிவுகளைப் பகலொளியில் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

மின்செருகி நம் மூன்று கால் செருகியேதான், மாற்றுக்கருவி தேவையில்லை. ஒரு ஹாங்காங் டாலரின் மதிப்பு நம் பணத்தில் ஐம்பதிலிருந்து அறுபது காசுக்குள் நிற்கிறது. புகைபிடிப்பவர்கள் 19 சிகரெட்டுகளுக்கு மேல் வரியின்றிக் கொண்டுசெல்ல முடியாது. வேப் எனப்படும் மின்சிகரெட் கருவிகளை ஹாங்காங்குக்குள் கொண்டுவருவதே 2022 முதல் சட்டவிரோதம். பிள்ளைகளின் பைகளை இதற்காகவே ஒருமுறை சோதித்துவிடுங்கள். வழியில் சாப்பிடக் கட்டிக்கொள்ளும் உணவில் இறைச்சியும் முட்டையும் வேண்டாம், அவற்றுக்குச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். முறுக்கும் ஊறுகாயும் போதும்.

புறப்பாடு

சுங்கை சிப்புட் நிலையத்திலிருந்து ஈடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் சென்று, அங்கிருந்து விரைவு ரயிலில் கேஎல்ஐஏ விமான நிலையத்தை அடைவது மூத்தவர்களுக்கு வசதியான வழி. இரண்டாம் முனையத்துக்கு அந்த விரைவு ரயில் 33 நிமிடம் எடுக்கும். விடுமுறைக் காலங்களில் ஈடிஎஸ் சீட்டுகள் விரைவில் தீர்ந்துபோவதால், விமானச்சீட்டு வாங்கும் அன்றே ரயில்சீட்டையும் வாங்கிவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து ஹாங்காங்குக்கு விமானப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

ஹாங்காங் விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலை ஆக்டோபஸ் அட்டை வாங்குவது. ரயில், பேருந்து, படகு, கடை எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அட்டையே போதும். அங்கிருந்து கௌலூனின் சிம் ஷா சுய் பகுதிக்கு விரைவு ரயிலும் உண்டு, ஏ21 என்ற பேருந்தும் உண்டு. ரயில் கௌலூன் நிலையத்தை இருபது நிமிடம் சொச்சத்தில் அடையும்; ஆனால் அந்நிலையம் சிம் ஷா சுய்யின் நடுவில் இல்லாததால் மீண்டும் டாக்சி பிடிக்க வேண்டிவரும். பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தாலும், நேதன் சாலை வழியாக விடுதிகளின் வாசலருகே கொண்டுவந்து விடுகிறது. கட்டணமும் ரயிலில் பாதிக்கும் குறைவு. பெட்டிகளோடு வரும் குடும்பத்துக்கு நான் பேருந்தையே பரிந்துரைப்பேன். மேல்தட்டில் முன்னிருக்கை கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதுவே தனியொரு சுற்றுலா.

தங்குமிடம் சிம் ஷா சுய்யில் கிடைத்தால் நல்லது. விலை மிகுதியாகத் தோன்றினால் அதே சாலையில் சற்று வடக்கே ஜோர்டன், யாவ் மா தேய் பகுதிகளில் தேடுங்கள். அறைகள் மிகச் சிறியவை. நான்கு பேர் ஓர் அறையில் சமாளித்துவிடலாம் என்ற நம் கணக்கு அங்கே பலிக்காது.

உணவுக்கு நேதன் சாலையிலுள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடம் கைகொடுக்கும். 1961-இல் கட்டப்பட்ட அந்தப் பதினேழு மாடிக் கட்டடத்தில் இந்திய, பாகிஸ்தானிய உணவகங்கள் நிறைய இருக்கின்றன. வாசலில் கடிகாரம் விற்பவர்களும் தையற்கடைக்கு அழைப்பவர்களும் சூழ்ந்துகொள்வார்கள், நிற்காமல் நடந்துவிடுங்கள். பணம் மாற்றுவோர் அங்கேயே முன்வாசல் கடையில் மாற்றிவிடாமல், உள்ளே இரண்டு மூன்று இடங்களில் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது. சைவ உணவு உண்பவர்கள் சீன உணவகங்களில் கீரையைச் சுட்டிக்காட்டி வாங்கினாலும் அதில் சிப்பிச்சாறு சேர்ந்திருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச்சாறு வேண்டாம் என்று விடுதிப் பணியாளரிடம் சீனத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீதியில் நடக்கும் முறை

நேராக வீதிக்கே செல்ல விரும்புவோர் எம்டிஆர் ரயிலில் கிழக்குச் சிம் ஷா சுய் நிலையத்தில் இறங்கி, ஜே வாயில் வழியாக வெளிவந்தால் சில நிமிட நடையில் கரையை அடையலாம். சக்கர நாற்காலியோடு வருவோருக்கு இதுவே ஏற்ற வழி. மற்றவர்களுக்கு நான் சொல்வது வேறு: பிற்பகலில் ஹாங்காங் தீவுப்பக்கம் சென்று சுற்றிவிட்டு, நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர் சென்ட்ரல் படகுத்துறையிலிருந்து ஸ்டார் ஃபெர்ரியில் ஏறிச் சிம் ஷா சுய்க்குத் திரும்புங்கள். 1888 முதல் இத்துறைமுகத்தைக் கடந்துகொண்டிருக்கும் படகுச் சேவை இது. கட்டணம் சில டாலர்களே, பயணம் பத்து நிமிடத்துக்குள். நடக்கப்போகும் கரை முழுவதையும் நீரின் மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு எங்கே இருக்கிறோம் என்ற தெளிவு கடைசிவரை இருக்கும்.

படகிலிருந்து இறங்கியதும் எதிரே நிற்பது 44 மீட்டர் உயர மணிக்கூண்டு. 1915-இல் கட்டப்பட்ட இது, பழைய கௌலூன் ரயில் நிலையம் இருந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் பகுதி. நிலையம் 1975-இல் ஹுங் ஹோமுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நடங்கள். பண்பாட்டு மையத்தையும் கலை அருங்காட்சியகத்தையும் கடந்தால் நட்சத்திர வீதி தொடங்குகிறது. கழிப்பறைத் தேவையை அருங்காட்சியகத்தருகே முடித்துக்கொள்வது நல்லது. வீதியையொட்டிய கே11 மியூசியா வணிக வளாகத்திலும் வசதி உண்டு.

முதலில் கட்டப்பட்டபோது கைப்பதிவுகள் தரையில் பதிக்கப்பட்டிருந்தன. பார்ப்பவர்கள் குந்தி உட்கார வேண்டியிருந்தது, பின்னால் வருபவர்கள் பதிவுகளை மிதித்துக்கொண்டு சென்றார்கள். நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவை வடிவமைத்த ஜேம்ஸ் கார்னர் தலைமையில் சீரமைத்தபோது, பதிவுகளைத் தரையிலிருந்து எடுத்துக் கடலோரக் கைப்பிடிச் சுவரின் மேல் பதித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு மாற்றத்துக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். முட்டிவலியுள்ள மூத்தவர் குனியாமல் நின்றபடியே பார்க்கலாம், குழந்தை கைநீட்டித் தொடலாம். ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்த காலத்துக் காய்ப்பு இன்னும் மறையாத என் அம்மாவின் உள்ளங்கை ஒரு சண்டை நடிகரின் பதிவைவிட அகலமாக இருந்ததைக் கண்டு எங்கள் குடும்பமே வியந்தது. உங்களோடு வரும் ஒவ்வொருவரும் தாம் தேர்ந்தெடுத்த கலைஞரின் பதிவில் கைவைத்துப் பார்க்கட்டும். படமெடுப்பதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சில பெயர்களில் கைப்பதிவு இருக்காது, பெயர் மட்டுமே இருக்கும். அவர்களுள் பலர் வீதி அமைவதற்கு முன்பே மறைந்தவர்கள். பழைய தலைமுறைக் கலைஞர்கள் பலர் இந்த வகையினர். கூட்டம் பதிவுள்ள இடங்களிலேயே நின்றுவிடுவதால் இப்பெயர்களை யாரும் நின்று படிப்பதில்லை. லாய் மான் வாய், குவான் டாக் ஹிங் போன்றோரைத் தேடுவோர் இவற்றைத்தான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். கைப்பேசியில் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு பெயரைக் கண்டதும் அவரைப் பற்றித் தெரிந்தவர் மற்றவர்களுக்கு இரண்டு வரி சொல்லுங்கள். எங்கள் குடும்பத்தில் இப்பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பெரியவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்ற அக்கறையில் அவர்கள் ஊரிலேயே நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

புருஸ் லீயின் வெண்கலச் சிலை 2005 நவம்பர் 27 அன்று, அவருடைய 65-ஆவது பிறந்தநாளில் திறக்கப்பட்டது. 32 வயதில், 1973 ஜூலையில் மறைந்தவர் அவர். அச்சிலையருகே எந்நேரமும் வரிசை இருக்கும். மேடையில் ஏறாமல், அடுத்தவருக்கு வழிவிட்டுப் படமெடுப்பது முறை. பாடகியும் நடிகையுமான அனிட்டா முய்யின் சிலையும் அங்கே உண்டு. 2003 டிசம்பரில் தம் நாற்பதாவது வயதில் மறைந்த அவரை ஹாங்காங் மக்கள் தம் நகரத்தின் மகள் என்று அழைப்பார்கள். அவர் சிலையின்முன் உள்ளூர் மக்கள் அமைதியாக நின்றிருந்தால் அந்த நேரத்தில் இடையில் புகுந்து படமெடுக்க வேண்டாம்.

படமெடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. கௌலூன் கரையிலிருந்து பார்க்கும்போது துறைமுகம் தெற்கே இருக்கிறது. தீபாவளிக் காலத்தில் நண்பகல் சூரியனும் தெற்கிலேயே நிற்பதால், கடலைப் பின்னணியாக வைத்து எடுக்கும் படங்களில் முகம் கறுத்துவிடும். நான்கரை மணிக்குமேல் ஒளி மேற்கிலிருந்து பக்கவாட்டில் விழும்போது முகங்கள் தெளிவாக வரும். சூரியன் மறைந்தபின் வானம் நீலமாக இருக்கும் இருபது நிமிடமும் எதிர்க்கரைக் கட்டடங்களின் விளக்குகளோடு சேர்த்து எடுக்க மிக ஏற்றது. அதற்குமேல் வானம் இருண்டுவிடும்.

இந்தக் கணக்கில் நவம்பர் மாதத்தில் நான்கரை மணிக்கு வீதியில் நுழைந்தால், ஆறு மணிக்குள் ஆற அமரப் படித்து முடிக்கலாம். பிறகு உணவருந்திவிட்டு ஏழரை மணிக்குத் திரும்பி வந்து கரையோரம் இடம் பிடியுங்கள். இரவு எட்டு மணிக்குச் சிம்ஃபனி ஆஃப் லைட்ஸ் என்ற ஒளிக்காட்சி எதிர்க்கரைக் கட்டடங்களில் பத்து நிமிடம் நடைபெறும். 2004 முதல் நடந்துவரும் இக்காட்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். வானவேடிக்கையை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமாக இருக்கலாம், இசையோடு சேர்ந்து இயங்கும் விளக்குகளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துச் சென்றால் நிறைவாக இருக்கும். மூன்றாம் எண்ணோ அதற்கு மேலோ புயல் எச்சரிக்கை இருந்தால் காட்சி நடைபெறாது. காட்சி முடிந்தவுடன் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்தை நோக்கிப் பாயும். மூத்தவர்களோடும் குழந்தைகளோடும் வந்திருப்போர் ஓர் இருக்கையில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டுக் கிளம்புவதே நல்லது.

மறுநாள் நேரம் இருப்பவர்கள் ஷா தின் பகுதியிலுள்ள ஹாங்காங் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்; புருஸ் லீ பற்றிய பெரிய கண்காட்சிகளை நடத்திய இடம் அது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, புறப்படும் முன் அப்போது என்ன கண்காட்சி நடைபெறுகிறது என்று அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். படவரலாற்றில் ஆழ்ந்த ஆர்வம் உள்ளவர்களுக்குத் தீவுப்பக்கம் சாய் வான் ஹோவில் 2001-இல் திறக்கப்பட்ட திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய படங்களைத் திரையிடுவதும் உண்டு. நீங்கள் தங்கும் நாள்களில் திரையிடல் அமைந்தால், வணிக வளாகங்களில் செலவிடும் ஒரு மாலையைக் குறைத்துக்கொண்டு அதற்குச் சீட்டு வாங்குங்கள்.